165 டயருக்குப் பதில் 195 போடலாமா? ரிம் அகலத்தை எப்படிப் பார்ப்பது?

மன்னார்குடியிலிருந்து:
வணக்கம். 2014 ஸ்விஃப்ட், இரும்பு ரிம். கம்பெனியில் வந்த அளவு 165/80 ஆர்14 (அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம்). நாலு டயரிலும் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்துவிட்டது, அடைமழை தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும். டயர் கடையில் 195/60 போடச் சொல்கிறார்கள். ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு டேப் பிடித்து, “ஆறு அங்குலம் இருக்கு சார், தாராளமா உட்காரும்” என்று அளந்தே காட்டினார்கள். அகல டயர் போட்டால் மழையில் வழுக்காது என்கிறார்கள். எங்கள் ஊருக்குப் போக பாமணியாற்றுக் கரைச் சாலைதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் அது எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வண்டி என்பதால் யோசனையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:
என் டிசையரில் 195 ஓடுகிறது, தொல்லை எதுவும் இல்லை. ஆனால் அலாய் வீல் மாற்றிவிட்டுத்தான் போட்டேன். உங்களுடைய பழைய ரிம்மிலேயே ஏற்றலாமா என்பது எனக்குத் தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து (டயர் தொழிலில் இருப்பவன்):
தம்பி, அவசரப்பட வேண்டாம். ரிம் அகலத்தை வெளி விளிம்பில் டேப் வைத்து அளக்கக் கூடாது. டயரின் விளிம்பு உட்காரும் உள்பக்கத்தில், ரிம்மின் இரண்டு உதடுகளுக்கும் (ஓரத்தில் நிமிர்ந்திருக்கும் விளிம்பு) இடைப்பட்ட அகலம்தான் கணக்கு. இரண்டு பக்கமும் உள்ள உதட்டையும் சேர்த்து அளந்தால் சுமார் ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டும். கடையில் சொன்ன ஆறு, உண்மையில் ஐந்தாகத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் வீல் கேப்பைக் கழற்றி, ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். 14 x 5 ஜே என்ற மாதிரி அச்சு குத்தியிருக்கும். 14 என்பது விட்டம், 5 என்பது அகலம், ஜே என்பது உதட்டின் வடிவம்.

5 ஜே என்றால் 195/60க்கு இடமே இல்லை. அந்த டயருக்குக் குறைந்தது 5.5 அங்குல ரிம் வேண்டும். மீறி ஏற்றினால் பக்கச் சுவர் பிதுங்கும், நடுப்பட்டன் மட்டும் சீக்கிரம் தேயும், வளைவில் ஸ்டியரிங் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். காற்று குறைந்திருக்கும் நேரத்தில் பள்ளத்தில் விட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளவும் கூடும். கடையில் மாட்டிக் காட்டும்போது இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று உயரம். 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 195/60 போட்டால் 590. வண்டி 15 மி.மீ. தரையை நோக்கி இறங்கிவிடும். டிராக்டர் போய்ப் போய் நடுமேடு எழும்பிய கரைச் சாலையில் அந்த 15 மி.மீ. பெரிய விஷயம்.

மன்னார்குடியிலிருந்து:
பார்த்துவிட்டேன் அண்ணே, 14 x 5 ஜே என்றுதான் இருக்கிறது. அப்படியானால் 185 போடலாமா? கடையில் 185/65, 185/70 இரண்டும் இருக்கிறதாம்.

தஞ்சாவூரிலிருந்து:
இரண்டுமே 5 அங்குல ரிம்மில் ஏறும். ஆனால் 185/65 சுமார் 596 மி.மீ.தான். வண்டி 12 மி.மீ. இறங்கும். மீட்டர் 100 காட்டும்போது, இப்போது போவதைவிட 4 கி.மீ. குறைவாகத்தான் போவீர்கள். 185/70 ஏறக்குறைய 615, பழைய அளவோடு ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. அகலம் வேண்டும் என்றால் அதுதான் சரி. சுமை எண்ணையும் பாருங்கள்: உங்கள் டயரில் 85 என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். புதிதில் அதற்குக் குறையக் கூடாது.

திருவாரூரிலிருந்து:
“அகலம் என்றால் மழையில் வழுக்காது” என்று சொன்னதற்காக எழுதுகிறேன். ரோட்டில் தண்ணீர் நின்றால் நிலைமை நேர்மாறு. அதே எடை, அதே காற்று என்றால் டயர் தரையில் படும் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். அகல டயர் குறுக்கே விரிந்து படுவதால் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கும். வேகத்தில் தள்ள முடியாமல் தண்ணீர் மேலேயே மிதந்து போகும். குறுகிய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் இருக்கிற நம் கரைச் சாலையிலும் அப்படித்தான். அறுவடை நாளில் ரோட்டில் காயும் நெல் மீது எந்த அகலமும் உதவாது, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 165/80ஐயே நல்ல பட்டனாகப் பார்த்துப் போடுவேன். மிச்சப் பணத்துக்கு வீல் அலைன்மென்ட், பேலன்சிங் முடித்துவிடலாம்.

மன்னார்குடியிலிருந்து:
165/80க்கே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இடுப்பு வலி. உயரமான பக்கச் சுவர் இருந்தால் குலுக்கல் குறையும் என்பதும் ஒரு காரணம். பழைய ஸ்டெப்னி இன்னும் புதுசாகவே கிடக்கிறது, அதையும் நாலில் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாமா?

தஞ்சாவூரிலிருந்து:
அதன் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. அப்படி இருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஓட்டத்துக்கு வேண்டாம். நாலும் புதிதாகப் போட்டுவிடுங்கள். காற்றை டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் சூடாவதற்கு முன் பிடிக்கச் சொல்லுங்கள்.