இரண்டாம் வகுப்புக்கு ஊர்த் தொடக்கப்பள்ளியில் சேர்க்கலாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்பருத்தி கேட்டது:

வணக்கம். நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். மகள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எல்.கே.ஜி.யிலிருந்தே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளி, காலை ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும், பாதித் தூக்கத்தில் இரண்டு வாய் இட்லியை ஊட்டி ஏற்றிவிடுவேன். நோட்டைப் பார்த்தால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் போன வாரம் ரேஷன் கடைப் பலகையில் 'அரிசி' என்று எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன், எழுத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலமும் அப்படித்தான். ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள், நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்தால் தெரியாது. மிஸ்ஸிடம் கேட்டதற்கு டியூஷன் வையுங்கள் என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாத்ரூம் போகக் கேட்டால் திட்டுகிறார்கள் என்று பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த வேனைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது, ஐந்து நிமிட நடை. 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அங்கே மாற்றலாம் என்றால் மாமியாரும் கணவரும் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கிலீஷ் போய்விடும் என்கிறார்கள். ஒரு தொடக்கப்பள்ளி நல்லதா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

கரும்பலகை:

அம்மா, நான் 31 வருடம் இடைநிலை ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து நடுப்பக்கத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அது எல்லோருக்கும் மனப்பாடம். திக்கித் திக்கி வாசித்தாலும் பரவாயில்லை, தானாகக் கூட்டி வாசிக்கிறதா என்பதுதான் முக்கியம். மூன்று நான்கு பிள்ளைகளிடம் கேட்டாலே அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், கொரோனாவில் விட்டுப்போனதை ஈடுகட்டத்தான் 2022-இல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருடம் ஐந்து வரை. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருவார்கள். உங்கள் மகள் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறாள் என்றால் அரும்பிலிருந்து தொடங்குவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டீச்சரிடம், எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பதில் சொன்னால் நம்பிச் சேர்க்கலாம், பதிவேட்டைப் புரட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

இங்கிலீஷ் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் உண்டு. தாய்மொழியில் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியைக் கற்றுத் தருவது எளிது, என் வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பல அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது, அங்கே உண்டா என்று விசாரியுங்கள்.

மழைக்காலம்:

நல்லதை மட்டும் கேட்டுவிட்டு மாற்றாதீர்கள் சகோதரி. நானும் போன வருடம் மகனை இப்படித்தான் மாற்றினேன், அதுவும் ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, ஆனால் வகுப்பு ஐந்து இருக்கிறதே! ஒரு டீச்சர் மருத்துவ விடுப்பில் போனார், இன்னொருவரை அடிக்கடி பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், பாதி நாள் பெரிய பிள்ளைகள்தான் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஒரே ஆள் என்னதான் செய்வார்? நாங்கள் பத்துப் பெற்றோர் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தோம், மாற்றுப்பணியில் ஒருவர் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதப் படிப்பை யார் திருப்பித் தருவார்கள்? அதனால் ஆசிரியர் லீவு என்றால் யார் வருவார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குடந்தைக்காரி:

நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். குழு மாதாமாதம் கூடுகிறதா, இல்லை கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் விசாரியுங்கள்.

கும்பகோணத்தில் பிறந்தவள் என்பதால் எந்தப் பள்ளிக்குள் போனாலும் என் கண் முதலில் கூரைக்கும் படிக்கட்டுக்கும்தான் போகும். 2004 ஜூலை 16, அங்கே ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் கூடத்துத் தீ மாடியில் இருந்த கீற்றுக்கூரைக்குத் தாவியது, அந்தப் பிள்ளைகளால் இறங்கி ஓட முடியவில்லை. அதனால் சமையலறை எங்கே இருக்கிறது, ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெளியே வர வழி இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி.

கழிவறையைக் கட்டாயம் திறந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, அது சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா. உங்கள் மகள் பட்ட பாட்டுக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் உண்டு. எங்கள் பள்ளியில் சமைப்பவரின் மகனும் அங்கேதான் படிக்கிறான், அவர் கிளறும் ரவை உப்புமாவை நானே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ சும்மா இருக்காதீர்கள், கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அதற்குத் தடை இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்.

செம்பருத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தேன். மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன், இரண்டு பேர் வாசித்தார்கள். மூன்றாவது பையன் தடுமாறினான், நான் கேட்பதற்கு முன்பே டீச்சர், 'இவன் ஜூனில்தான் சேர்ந்தான், இப்போதுதான் துணையெழுத்துக்கு வந்திருக்கிறான்' என்றார். பெண் பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் இருந்தது, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. அதைச் சொன்னதும் கணவரே மாட்டித் தருகிறேன் என்றார், அவர் மனசு மாறுகிறது என்று நினைக்கிறேன். இப்போது ஒரே கவலை, கடைசித் தவணை பாக்கி இருப்பதால் பழைய பள்ளி டி.சி. தர மறுக்கிறது.

கரும்பலகை:

டி.சி. இல்லை என்று ஊர்ப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது அம்மா, சட்டத்திலேயே இருக்கிறது. ஆதாரும் பிறப்புச் சான்றும் கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். காலை உணவு நேரத்துக்கே போய்விடுங்கள், மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் புது இடத்துப் பயம் சீக்கிரம் தெளியும்.