புதுப்பிப்பு: ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையை வாங்குவது பற்றி

மகளுக்காக, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை வாங்கினால் சிங்கப்பூரில் அதைப் பராமரிக்க என்ன செலவாகும் என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையுடன் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சிங்கப்பூரின் ஒரே குதிரைப் பந்தயத் திடலான கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியுடன் பந்தயங்களே முடிந்துவிட்டதால், இனி உள்ளூரில் அப்படிப்பட்ட குதிரைகள் புதிதாகக் கிடைக்கப்போவதில்லை என்பது வேறு.

விலையைவிட லாய வாடகையும் தீவனமும்தான் கையைக் கடிக்கின்றன. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். பரந்த மேய்ச்சல் நிலமில்லாத இத்தீவுக்கு அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால், புல்லோடு சேர்த்து அதன் கப்பல் பயணத்துக்கும் நாமே பணம் கொடுக்கிறோம். ஏறத்தாழ 6 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்றுவது, ஆண்டுதோறும் பற்களை அராவுவது, தடுப்பூசி போடுவது ஆகியவை திட்டமிடக்கூடியவை. கடும் வயிற்றுவலி வந்து அறுவை சிகிச்சை வரை போனால் செலவுக்கு வரம்பே இல்லை. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுவதும் உண்டு.

குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. மகளோ விரைவில் பல்கலைக்கழகம் சென்றுவிடுவாள். ஆகவே, வேறொருவரின் குதிரையை மாதக் கட்டணத்தில் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டுள்ளோம்: லாடச் செலவில் பாதி எங்களுடையது, மருத்துவச் செலவு உரிமையாளருடையது.