நாட்டின் வெளியுறவு முடிவை எடுப்பது யார்: தலைவரா, கோப்பா, வரைபடமா?

வடதுருவம்:
தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே பேச்சுதான். இந்த அதிபர் துணிந்தார், அந்தப் பிரதமர் பணிந்தார், இவருக்கும் அவருக்கும் தனிப்பட்ட நட்பு. ஏதோ ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையே அந்தந்த ஆளின் ரத்த அழுத்தத்தைப் பொறுத்தது போல. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரு நாடு எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார், கஜானாவில் என்ன, யாரிடம் கடன்பட்டிருக்கிறது, இவைதான் முடிவு செய்கின்றன. நாற்காலியில் யார் இருந்தாலும் ஏறக்குறைய அதே கையெழுத்துதான் விழும்.

1956 சூயஸைப் பாருங்கள். எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாயைப் பிடிக்க பிரிட்டன் படை அனுப்பிய விவகாரம். பிரிட்டிஷ் பிரதமர் ஈடனின் உடல்நிலை, கோபம், எகிப்து அதிபர் நாசர் மீதான வெறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நடந்தது என்ன? பவுண்டின் மதிப்பைக் காப்பாற்ற பன்னாட்டு நிதியத்தின் பணம் வேண்டும். போரை நிறுத்தாமல் கிடைக்காது என்றது வாஷிங்டன். நவம்பர் 5இல் படை தரையிறங்கியது, 6ஆம் தேதி நள்ளிரவில் போர்நிறுத்தம். ஈடன் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பார்.

இன்னொன்று, பின்லாந்து. ரஷ்யாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. பனிப்போர் முழுக்க எந்த ராணுவக் கூட்டிலும் சேராமல் கவனமாக இருந்த நாடு. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு 2023 ஏப்ரல் 4இல் அமெரிக்கா இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பிரதமர் சன்னா மரீனின் கட்சி தேர்தலில் தோற்றிருந்தது. யாராவது கலங்கினார்களா? ஜெயித்தவர்களும் அதையேதான் செய்யப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒற்றைப்பனை:
சூயஸிலிருந்து திரும்பி வந்ததை அழகாக விளக்கிவிட்டீர்கள். உள்ளே போனது எதனால்? அதைச் சொல்லுங்கள். பிரிட்டன் டாலரை நம்பி இருக்கிறது என்பது நவம்பர் 6ஆம் தேதி திடீரென்று தெரியவந்த செய்தியா? அமெரிக்கா ராணுவ நடவடிக்கையை விரும்பவில்லை என்பதும் பல மாதமாகத் தெரிந்ததுதான். உங்கள் கணக்குப்படி படை கிளம்பியே இருக்கக்கூடாது.

கிளம்பியது, ஏனென்றால் முடிவு ஒரு சிறு வட்டத்துக்குள் நடந்தது. பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் அக்டோபர் 22 முதல் 24 வரை பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடின. இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்கிவிட வருவது போல உள்ளே வருவார்கள் என்று திட்டம். இதை எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஈடன் பதறிப்போய், பிரதிகளை அழித்துவிடச் சொல்ல அதிகாரிகளை மறுபடியும் பாரிஸுக்கு அனுப்பினார். பலிக்கவில்லை. இஸ்ரேல் தன் பிரதியோடு ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்திலேயே மிகச் சிலருக்குத்தான் இது தெரியும். சொந்த அலுவலகத்துக்கே மறைத்து எடுத்த ஒரு முடிவை வரைபடத்தின் முடிவு என்று எப்படிச் சொல்வது?

கோப்புப்புழு:
இருவருமே ஒரு நாட்டை ஒற்றை மூளை போலப் பேசுகிறீர்கள். ஒருவர் அதை வரைபடத்தில் தேடுகிறார், இன்னொருவர் பிரதமரின் தலைக்குள். நான் அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பெரும்பாலான முடிவுகள் யாரும் 'முடிவு' என்று நினைக்காத இடத்தில் எடுக்கப்படுகின்றன.

1981இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. தென் அட்லாண்டிக்கில் இருந்த எண்டியூரன்ஸ் என்ற பனிக்கடல் ரோந்துக் கப்பலை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வரவுசெலவுப் பட்டியலில் ஒரு வரி. வெளியுறவு அமைச்சர் கேரிங்டன், அங்கே பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவுகளைப் பற்றி அர்ஜென்டினா இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் என்பவருக்கு எழுதினார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. எடுபடவில்லை. அர்ஜென்டினா தலைநகர் புவனோஸ் ஐரஸில் அதை 'பிரிட்டனுக்கு இங்கே அக்கறை போய்விட்டது' என்றே படித்தார்கள். 1982 ஏப்ரல் 2இல் தீவுகளில் இறங்கிவிட்டார்கள். ஏப்ரல் 5இல் பதவி விலகியவர் யார் தெரியுமா? கேரிங்டன். எச்சரித்தவரின் தலைதான் உருண்டது. (விலக்கப்போவதாகச் சொன்ன அதே கப்பல்தான் பிறகு பக்கத்து தெற்கு ஜார்ஜியா தீவை மீட்கவும் போனது. இதையெல்லாம் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.)

இப்போது சொல்லுங்கள், 'பிரிட்டன் ஃபாக்லாந்தைக் கைவிடும் சமிக்ஞை கொடுத்தது' என்ற அந்த முடிவை எடுத்தது யார்? பிரதமர் தாட்சரா? வரைபடமா? செலவுக் கணக்குப் பிரிவா?

வடதுருவம்:
கோப்புப்புழு சார், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அர்ஜென்டினா அந்தத் தீவுகளை 1833 முதல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கப்பல் போனதாலா போர்? அங்கே ராணுவ ஆட்சி, பொருளாதாரம் படுத்துவிட்டது, மார்ச் 30இல் தெருவில் பெரும் போராட்டம், மூன்றாம் நாள் படையெடுப்பு. உள்ளூர் நெருக்கடியில் சிக்கிய ஆட்சி வெளியே கவனத்தைத் திருப்பியது. பலவீனம், தேவை, வாய்ப்பு, எல்லாம் என் கணக்குக்குள்தான் வருகிறது.

ஒற்றைப்பனை:
149 ஆண்டுகளாகக் கேட்டதை ஏன் 1982இல் எடுத்தார்கள்? உங்கள் கணக்கில் 'எப்போது' என்ற கேள்விக்கே இடமில்லை. அப்புறம், உள்ளூர் நெருக்கடியை எப்போதிலிருந்து வரைபடத்தில் சேர்த்தீர்கள்? தோற்கும்போதெல்லாம் கணக்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எதையும் விளக்கிவிடலாம்.

கோப்புப்புழு:
1962 கியூபா நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். இதில்தான் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தீனி இருக்கிறது.

அக்டோபர் 14இல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைத் தளங்களைப் படம் எடுத்தது. 16ஆம் தேதி காலை அதிபர் கென்னடியிடம் காட்டினார்கள். அன்றைய பேச்சு பெரும்பாலும் குண்டுவீச்சைச் சுற்றியே ஓடியது. ஆனால் செய்தி வெளியே தெரியாமல் இருந்ததால் ஏறக்குறைய ஒரு வாரம் யோசிக்கக் கிடைத்தது. 21ஆம் தேதி வான்படைத் தளபதி ஸ்வீனியை அழைத்துக் கேட்டபோது, எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிடுவோம் என்று உறுதி தர முடியாது என்றார். மறுநாள் இரவு கடல் முற்றுகை அறிவிப்பு. கவனியுங்கள், கென்னடி முன்னால் எந்தெந்த வழி இருந்தது என்பதையே ராணுவத்தின் வழக்கமும் கையிருப்பும்தான் தீர்மானித்தன. தலைவர் சாப்பிடலாம், ஆனால் இலையில் பரிமாறியது அவர் இல்லை.

சோவியத் பக்கம் இன்னும் வேடிக்கை. ஏவுகணைகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது அசாத்திய ரகசியம். அதே ஆட்கள் தீவில் இறங்கியதும் தளங்களை ஆகாயத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி, சரியான மறைப்பில்லாமல் கட்டினார்கள். கப்பல் ஏற்றியவர்களின் வேலை ரகசியம் காப்பது. கட்டியவர்களின் வேலை குறித்த நேரத்தில் முடிப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

27ஆம் தேதி கியூபாவுக்கு மேலே ஒரு யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி இறந்தார். வாஷிங்டனில் பலர் அதைச் சோவியத் தலைவர் குருஷ்சேவே பிடியை இறுக்குகிறார் என்று படித்தார்கள். உண்மையில் மாஸ்கோ அப்படி உத்தரவிடவே இல்லை. தீவிலிருந்த சோவியத் அதிகாரிகள் தாங்களாகச் செய்தது. அன்றைக்கே வேறொரு அமெரிக்க யு-2 வடக்கே வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போய்த் திரும்பியது. இரண்டு வல்லரசுகளும் 'முடிவெடுத்துக்கொண்டிருந்த' லட்சணம் இது.

ஒற்றைப்பனை:
நல்லது, அந்த 27ஆம் தேதியையே நானும் எடுத்துக்கொள்கிறேன். விமானத்தைச் சுட்டால் அந்தத் தளத்தைத் திருப்பித் தாக்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். கோப்பில் இருக்கும் வழக்கம்தான் ஆட்சி செய்கிறது என்றால் அன்று மாலையே குண்டு விழுந்திருக்க வேண்டும். கென்னடி தடுத்தார். அந்த அறையில் இருந்த வேறு சிலர் அதிபராக இருந்திருந்தால் தடுத்திருப்பார்களா?

வடதுருவம்:
ஆனால் முடிவு? கியூபாவிலிருந்து ஏவுகணைகள் போயின. துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளும் ரகசிய உடன்பாட்டின்படி 1963இல் போயின. இரண்டு பக்கமும் அணு ஆயுதம் வைத்திருந்தது, அதனால் இரண்டு பக்கமும் இறங்கி வந்தது. உள்ளே யார் யாரோடு கத்தினார் என்பது சுவையான செய்தி, அவ்வளவுதான்.

தேன்சிட்டு:
நான் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வடதுருவம் அண்ணா, மக்கள், நாடாளுமன்றம், கூட்டணிக் கட்சி என்று யாரைப் பற்றியும் யாருமே பேசவில்லையே!

2003 மார்ச் 1, துருக்கி. ஈராக்கை வடக்கிலிருந்தும் தாக்க அமெரிக்காவுக்குத் துருக்கி மண் வேண்டும். துருக்கி நேட்டோ உறுப்பினர், பொருளாதார நெருக்கடியிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது, பெரிய நிதியுதவி பேசப்பட்டது, தளவாடக் கப்பல்கள் கடலில் காத்திருந்தன. அரசே தீர்மானத்தைக் கொண்டுவந்தது, ஆளுங்கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை. உங்கள் கணக்கில் எல்லாம் ஒரே பக்கம். வாக்கெடுப்பில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. கூடுதல் வாக்கு கிடைத்தும் தீர்மானம் விழுந்தது, ஏனென்றால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். மூன்று வாக்கு குறைவு. அந்த மூன்று பேர் உங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறார்கள்?

வங்கதேசத்தோடு தீஸ்தா நதிநீரைப் பகிரும் ஒப்பந்தமும் இப்படித்தான். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போகும்போது கையெழுத்தாக எல்லாம் தயார். கடைசி நேரத்தில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி பயணத்திலிருந்தே விலகினார். வெளிநாட்டு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசுடையது. சட்டப்படி அவருடைய ஒப்புதல் தேவையே இல்லை. ஆனால் அவர் கட்சி கூட்டணியில் இருந்தது, தண்ணீர் அவர் மாநிலத்து விவசாயிகளுடையது. ஒப்பந்தம் நின்றுபோனது. பேச்சுவார்த்தை மேசையில் எதிரே இருப்பவரோடு மட்டும் பேசினால் போதாது, முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களோடும் பேச வேண்டும்.

வடதுருவம்:
தங்கச்சி, துருக்கியை நீ பாதியில் நிறுத்திவிட்டாய். அதே மார்ச் 20இல் அதே நாடாளுமன்றம் அமெரிக்க விமானங்களுக்கு வான்வழியைத் திறந்துவிட்டது. போரும் அன்றே தொடங்கிவிட்டது. மூன்று வாக்கால் போர் நின்றதா?

தேன்சிட்டு:
போர் நின்றது என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. 'துருக்கி என்ன முடிவெடுக்கும்' என்பதுதானே இங்கே கேள்வி? ஆகாயத்தில் பறந்து போவதும் ஊருக்குள் படை இறங்குவதும் ஒன்றா? துருக்கி வழியாகப் போகவிருந்த அமெரிக்கப் படைப்பிரிவின் தளவாடங்களைச் சுற்றிக்கொண்டு குவைத்துக்குக் கொண்டுபோனார்கள். வடக்கே நினைத்தபடி போர்முனை அமையவில்லை. நடக்காமல் போனதையும் கணக்கில் எழுதுங்கள்.

கோப்புப்புழு:
தேன்சிட்டு சொல்வது சரி. கூடவே ஒன்று: அந்த 1ஆம் தேதிக்கு முன்னால் துருக்கியின் அதிகாரிகளும் ராணுவமும் அமெரிக்கர்களோடு வாரக்கணக்கில் பேரம் பேசியிருந்தார்கள். பேசியவர்கள் வேறு, வாக்களித்தவர்கள் வேறு. எதிர்த்தரப்பு எப்போதும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறது.

வடதுருவம்:
சரி, ஒரு சவால். எல்லோரும் தற்செயலையும் தடுமாற்றத்தையும் காட்டுகிறீர்கள். தன் நாட்டின் சூழலுக்கு எதிராக ஒரு தலைவர் போய், அது இருபது ஆண்டாவது நிலைத்ததற்கு ஓர் உதாரணம் கொடுங்கள். அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 1969இல் சீனாவும் சோவியத்தும் உசூரி ஆற்றங்கரையில் சுட்டுக்கொண்டபோதே அந்தக் கதவு திறந்துவிட்டது.

ஒற்றைப்பனை:
நிக்சனை விட்டுவிடுகிறேன். எகிப்து அதிபர் சதாத். 1977 நவம்பரில் ஜெருசலேம் போனார். இஸ்ரேலோடு போர் நிலையில் இருந்த நாட்டின் தலைவர் அங்கேயே போய் அவர்கள் நாடாளுமன்றத்தில் பேசுகிறார். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஃபாமி பயணத்துக்கு முன்பே பதவி விலகினார். 1979இல் அமைதி ஒப்பந்தம். அரபு லீக் எகிப்தை விலக்கி வைத்தது, 1989இல்தான் மறுபடி சேர்த்தது. 1981இல் சதாத்தைச் சொந்த ராணுவ அணிவகுப்பிலேயே சுட்டுக் கொன்றார்கள். அமைச்சர், அண்டை நாடுகள், தெரு, எல்லாம் எதிர்ப்பக்கம். ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. இருபது கேட்டீர்கள், நாற்பதைத் தாண்டிவிட்டது.

வடதுருவம்:
எனக்குச் சாட்சி சொல்லவே வந்திருக்கிறீர்கள்! அடுத்து அதிபரான முபாரக் அதை வைத்துக்கொண்டார். பிறகு முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பிலிருந்து வந்த அதிபர் மொர்சியும் ரத்து செய்யவில்லை. அவருக்குப் பின் வந்த அதிபர் சிசியும் செய்யவில்லை. ஒருவருக்கொருவர் ஒட்டாத மூன்று பேர், ஒரே கொள்கை. ஏன்? இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய் திரும்பக் கிடைத்தது, அமெரிக்க உதவி வருகிறது, இன்னொரு போருக்குத் தெம்பில்லை. நாற்காலியில் யார் என்பது பொருட்டே இல்லை.

ஒற்றைப்பனை:
அந்தச் சினாயும் அந்த உதவியும் எப்படி வந்தன? அந்த ஒப்பந்தத்தால். ஒப்பந்தம் எப்படி வந்தது? அந்தப் பயணத்தால். மொர்சி மாற்ற முடியாத அந்தச் சூழலை உருவாக்கியதே சதாத்தான்.

வடதுருவம்:
1977 வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1973 போரில் என்ன முடியும், என்ன முடியாது என்று எகிப்துக்குத் தெரிந்துவிட்டது. 1974, 1975இல் சினாய் படைவிலக்க உடன்பாடுகள் வந்துவிட்டன. அதற்கும் முன்னால், 1972லேயே சோவியத் ராணுவ ஆலோசகர்களை வெளியே அனுப்பியாயிற்று. எகிப்து ஏற்கெனவே அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒற்றைப்பனை:
1972இல் அவர்களை வெளியே அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?

கோப்புப்புழு:
அதை நான் சொல்கிறேன், ஆனால் நாளைக்கு. அதில் நீங்கள் இருவருமே கண்டுகொள்ளாத ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார்: அவர்கள் போன பிறகு அந்தச் சோவியத் ஆயுதங்களைப் பராமரிக்க வேண்டியிருந்த எகிப்து ராணுவம்.