பழைய இங்கிலீஷ் வீட்டுல எலி, அந்து, குளவி: சுங்கை சிப்புட்லருந்து கெளம்புற புள்ளைங்களுக்கு

நம்ம மலேசியால, சுங்கை சிப்புட் பக்கத்துலருந்து இப்ப நெறைய புள்ளைங்க இங்கிலாந்து போகுது, நர்ஸ் வேலைக்கு, படிக்க, கேர் ஹோமுக்குன்னு. அம்மாமாருங்க எல்லாம் என்கிட்ட வந்து ஜாக்கெட் எங்க வாங்குறது, மசாலாத் தூள் எத்தன கிலோ தூக்கலாம், இதத்தான் கேக்குறாங்க. வீட்டுக்குள்ள எலி வரும்மான்னு சொன்னா சிரிக்கிறாங்க, வெள்ளக்காரன் ஊர்ல எலியான்னு. வரும்லா. நல்லாவே வரும். நான் அங்க வடக்குப் பக்கம் நர்ஸா இருந்து பென்ஷனோட ஊருக்குத் திரும்புனவ, இருந்ததெல்லாம் பழைய செங்கல் வீடுதான், அதனால தெரிஞ்சத எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

மொதல்ல ஒன்ன மண்டைல ஏத்திக்குங்க. நம்ம தோட்டத்துப் பக்கம் பூச்சி பொட்டு எல்லாம் மழைக்கு உள்ள வரும், அக்டோபர் நவம்பர்ல மழை கொட்டுனா ஈசல், பூரான், செம்பனைக்குள்ளருந்து எலி, எலி பின்னால பாம்பு. அங்க குளிருக்கு வரும். செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் சுண்டெலிக்கு உங்க வீட்டுச் சூடு வேணும், சோறு அப்புறந்தான். அதனால எலி வந்த பெறகு மருந்து தேடாதீங்க, ஆகஸ்ட் செப்டம்பர்லயே ஓட்டைய அடைச்சிடுங்க. வேலையில பாதிக்கு மேல அதுதான், மிச்சம் கொஞ்சம் பொறி, கொஞ்சம் சுத்தம். மருந்து கடைசி.

வாடகைக்குக் கெடைக்கிற மலிவு வீட்டுல நெறைய 1919-க்கு முன்னாடி கட்டுன வரிசை வீடா இருக்கும், ஒரே கூரைக்குக் கீழ நம்ம லயம் கணக்கா ஒட்டி ஒட்டி. அதனால பக்கத்து வீட்டு எலி உங்க வீட்டு எலிதான், நடுச் செவுத்துல பைப் போற ஓட்டை, தரைக்கு அடில இருக்கிற காலி எடம், சில வீட்டுல கூரைப் பரண் கூட தடுப்பே இல்லாம கோடி வரைக்கும் போகும். தரையும் சிமெண்ட் இல்ல, பலகை, அதுக்குக் கீழ வெறும் காத்து. நீங்க மட்டும் சுத்தமா இருந்தா போதாது, பக்கத்து வீட்டு ஆளுகிட்டயும் வாயத் தொறந்து பேசணும்.

சாவி வாங்குன அன்னிக்கே டார்ச் எடுத்துக்கிட்டு சிங்க்குக்கு அடில மண்டி போடுங்க. அலமாரிக்குள்ள இருக்கிற சாமான எல்லாம் வெளிய எடுத்துட்டு, பின் பலகைல பைப் நொழையிற எடத்தப் பாருங்க, பைப் சின்னதா இருக்கும், ஓட்டைய மட்டும் கை நொழையிற அளவுக்கு வெட்டி வெச்சிருப்பான் அந்தக் காலத்து பிளம்பர். ஓட்டை ஓரம் கறுப்பா, எண்ணெ தடவுன மாதிரி கறை இருந்தா அது எலி போய் வந்து ஒடம்பு தேச்ச கறை. கீழ அரிசி அளவுக்குக் கறுப்பா புழுக்கை கெடக்கும். அமுக்கிப் பாக்க வேணாம், கையுறை போட்டு ஈரத் துணியால தொடைங்க, காஞ்சத கூட்டுனா தூசு மூச்சுல போகும். இன்னும் நடமாட்டம் இருக்கான்னு தெரியணும்னா ராத்திரி அந்த எடத்துல கொஞ்சம் முகப் பவுடர் தூவிட்டுப் படுங்க, காலைல காலடி தெரியும். அதே மாதிரி கேஸ் அடுப்புக்குப் பின்னால, வாஷிங் மெஷினுக்குப் பின்னால, பாய்லர் பைப் எறங்குற எடம், முன் கதவுக்கு அடி, எல்லாம் பாருங்க. ஒரு பென்சில் நொழைஞ்சா சுண்டெலி நொழையும், 6 மில்லிமீட்டர் சந்து போதும் அதுக்கு.

அடைக்கிறதுக்கு ஃபோம் மட்டும் அடிச்சிட்டுப் போகாதீங்க, அத ரெண்டு ராத்திரில கடிச்சித் துப்பிடும். ஹார்ட்வேர் கடைல ஸ்டீல் வூல் கேளுங்க, மெல்லிசு கம்பி நார், அத இறுக்கித் திணிச்சிட்டு மேல சிலிக்கோனோ சிமெண்டோ பூசுங்க. கதவுக்கு அடில பிரஷ் பட்டை அடிக்கலாம். ஆனா வெளிச் செவுத்துல தரைய ஒட்டி ஓட்டை ஓட்டையா ஒரு செங்கல் இருக்கும், ஏர் பிரிக்னு சொல்வாங்க, குளிர் காத்து வருதுன்னு நம்ம ஆளுங்க அதுல துணியத் திணிச்சிடுறாங்க, அந்தத் தப்பு பண்ணாதீங்க, அது தரைப் பலகைக்கு அடில காத்துப் போறதுக்கு, அடைச்சா ஈரம் தங்கி மரம் உளுத்துப் போகும். எலி வராம இருக்க அதுமேல சின்னக் கண்ணு துருப்பிடிக்காத வலை ஒன்னு வெச்சா போதும்.

பொறி வெக்கிறது பத்தி. அடிக்கிற பொறி, மலிவு, ஒன்னு ரெண்டு வெச்சா ஒன்னும் ஆகாது, ஒரே நேரத்துல ஏழெட்டு வைங்க. சுண்டெலி நடு ரூம்ல ஓடாது, செவுத்த ஒட்டித்தான் ஓடும், அதனால தீனி வெக்கிற பக்கம் செவுத்தப் பாத்து இருக்கணும். சீஸ் எல்லாம் கார்ட்டூன்லதான், வேர்க்கடலை வெண்ணெய் இல்லன்னா சாக்லேட் ஸ்ப்ரெட் ஒரு பட்டாணி அளவு, அதிகமா வெச்சா ஓரத்துல நக்கிட்டுப் போயிடும். ஒரு பொட்டை எலி 3 வாரத்துல குட்டி போடும், ஒரு ஈத்துக்கு 5, 6 குட்டி, அதனால ஒன்னுதான பாத்தேன்னு அடுத்த மாசத்துக்குத் தள்ளாதீங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம். நம்ம ஊர்க் கடைல காம் திக்குஸ்னு கேட்டா குடுப்பான் பாருங்க, எலி ஒட்டுற பசை, அத ஒரு அம்மா மகன் பெட்டில வெச்சி அனுப்பப் பாத்தாங்க. வேணவே வேணாம். இங்கிலாந்துல 2022-ல சட்டம் போட்டு, 31 ஜூலை 2024-லருந்து சாதாரண ஆளுங்க எலிக்குப் பசை வெக்கிறதே குத்தம், லைசென்ஸ் வாங்குன பூச்சி ஒழிப்பு ஆளுங்களுக்கு மட்டும்தான் அது. வேல்ஸ்ல அதுக்கும் முன்னாடியே, 2023-ல தடை. பூச்சி ஸ்ப்ரே டின்னும் பெட்டில வெக்காதீங்க, பிளேன்ல ஏத்த மாட்டான்.

எலி மருந்து அங்கயும் கடைல கெடைக்கும், மூடி போட்ட பெட்டியோட வாங்கணும், புள்ளைங்க, நாய் கை வெக்காத மாதிரி. எனக்கு அது புடிக்காது, தின்ன எலி தரைப் பலகைக்கு அடில போயி செத்துடும், பலகைய ஒடச்சா ஒழிய எடுக்க முடியாது, வீடே நாறும், அப்புறம் பெரிய பச்சை ஈ கெளம்பும். ஆந்தையும் சாகும் அந்த எலியத் தின்னா. செம்பனைத் தோட்டத்துல எலிக்குன்னே ஆந்தைப் பெட்டி வெச்சிருக்கிற ஊர்லருந்து போறவங்களுக்கு நான் இத விளக்க வேண்டியதில்ல.

வீட்டுக்காரன் பொறுப்பா, நம்ம பொறுப்பான்னு நெறைய பேரு கேக்குறீங்க. செவுத்துல ஓட்டை, ஒடஞ்ச சாக்கடைக் கொழா, இதால வந்தா பொதுவா வீட்டுக்காரன்தான் பாக்கணும், இங்கிலாந்துல வாடகை வீடு மனுசன் இருக்க லாயக்கா இருக்கணும்னு 2018-லயே சட்டம் இருக்கு. நீங்க குப்பைய வாரக்கணக்குல வெச்சி வந்துச்சுன்னா அது உங்க தலைலதான். எதுவா இருந்தாலும் போன்ல சொல்லாதீங்க, போட்டோவோட ஈமெயில், தேதியோட. என்கிட்ட ஒரு ஏஜென்ட் பூனை வளருங்கன்னு சொன்னாரு, அவரே எழுதுன அக்ரிமெண்ட்ல பிராணி வளக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்காரன் அசையலன்னா கவுன்சிலுக்கு, அதாவது அந்த ஊரு நகராட்சிக்கு எழுதுங்க, எலி விசயத்துல கவுன்சிலுக்கு 1949-லருந்தே சட்டப்படி கடமை இருக்கு, ஆள் அனுப்புறதுக்குக் காசு வாங்குறது மட்டும் ஊருக்கு ஊரு வேற வேற.

சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பிளாஸ்டிக் பையில வெச்சா எலிக்கு நீங்களே பந்தி வெச்ச மாதிரி. அரிசி, பருப்பு, நெத்திலி, முறுக்கு எல்லாம் டின்னு இல்லன்னா கெட்டி மூடி டப்பா. பெரிய அரிசி மூட்டை வாங்குனா வண்டு வெக்கும், கொஞ்சம் கொஞ்சமா பை கட்டி ஃப்ரீசர்ல நாலஞ்சு நாள் போட்டு எடுத்தா முட்டையோட சாகும். சாமி மேடைய மறந்துடுறோம், ராத்திரி வெச்ச பொங்கல், பழம், வெளக்குல மிச்ச நெய், திரி கூட இழுத்துட்டுப் போகும். படச்சதும் எடுத்துடுங்க, சாமி கோச்சிக்காது. வாசல்ல அரிசி மாவு கோலம் வசந்த காலத்துல போட்டீங்கன்னா எறும்பு வரிசை கட்டும், அது தர்மந்தான், ஆனா வீட்டுக்குள்ள வராம பாத்துக்குங்க.

அக்காமாருங்களுக்கு இப்ப. பட்டுப் புடவை. அங்க அந்துப்பூச்சின்னு ஒன்னு இருக்கு, வெளிறுன தங்கக் கலர்ல அரை விரக்கடை கூட இருக்காது, லைட்டப் பாத்து வராது, அலமாரி இருட்டுல இருக்கும். பூச்சி திங்காது, அதோட புழுதான் திங்கும், கம்பளி, பட்டு, எறகு, அதுவும் வேர்வை பட்டது, சாப்பாடு சிந்துனதுன்னா ரொம்ப இஷ்டம். ஹீட்டர் ஓடுற வீட்டுல அதுக்கு சீசனே கெடையாது, வருசம் பூரா பெருகும். கல்யாணத்துக்குக் கட்டிட்டு வந்து அப்படியே மடிச்சி வெச்ச புடவைய அடுத்த தீபாவளிக்கு எடுத்தா முந்தானைல ஓட்டை. ஜரிகைப் பட்ட சுடுதண்ணில போட முடியாது, அதனால இப்படிப் பண்ணுங்க: நல்லா காத்தாட விட்டு, பருத்தித் துணில சுத்தி, பிளாஸ்டிக் பையில காத்த எடுத்து இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் பையப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், உடனே பிரிச்சா பட்டு மேல தண்ணி கோத்துக்கும், கறை விழும். அலமாரி மூலை, கார்ப்பெட் ஓரம், கட்டிலுக்கு அடி எல்லாம் வேக்யூம் போட்டு அந்தப் பையையும் வெளிய எறிஞ்சிடுங்க. கடைல விக்கிற ஒட்டு அட்டைப் பொறி ஆம்பளப் பூச்சிய மட்டும் புடிக்கும், இருக்கான்னு பாக்கத்தான் அது, ஒழிக்க இல்ல.

பாச்சை உருண்டை போடலாமான்னு கேப்பீங்க. நாப்தலீன் உருண்டை ஐரோப்பாவுல 2008-லயே நிறுத்திட்டாங்க, பிரிட்டன்லயும் சேத்து. ஊர்லருந்து கொண்டு போகவும் வேணாம், முக்கியமா கைக்கொழந்தை இருக்கிற வீட்டுல. நம்ம நாட்டுல புள்ள பொறந்ததும் ஜி6பிடின்னு ரத்தத்துல ஒரு என்சைம் கொறை இருக்கான்னு பாக்குறாங்களே, அந்தக் கொறை இருக்கிற புள்ளைக்கு உருண்டை வாசனை ஏறுன துணியே ரத்தத்த ஒடச்சி மஞ்சக்காமாலை கொண்டு வந்துடும். வார்டுல வேல பாத்தவ சொல்றேன், வெளையாட்டு இல்ல.

மத்ததெல்லாம் அவ்வளவு தொல்லை இல்ல. செப்டம்பர்ல பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்னு ஹாலுக்குள்ள ஓடும், பொண்டாட்டி தேடி வர்ற ஆம்பள, ஒன்னும் பண்ணாது, கிளாஸ் கவுத்து வெளிய விடுங்க. குளிர் வந்தா ஜன்னல் சட்டத்துல, பரண்ல மந்தமா ஈ கூட்டம் கூட்டமா ஒதுங்கும், கூடவே புள்ளி போட்ட வண்டும், அதுல ஹார்லிகின்னு ஒரு ஜாதி 2004-லதான் பிரிட்டனுக்கே வந்துச்சு. நசுக்குனா மஞ்சக் கறை, செவுறு கெடும், வேக்யூம் போதும். ஜூலை ஆகஸ்ட்ல மழை விட்டு வெயிலடிச்சா றெக்கை எறும்பு பறக்கும், ஈசல்னு பயந்து கரையான் மருந்து தேடாதீங்க, அந்த ஊர்ல நமக்கிருக்கிற கரையான் பயம் இல்ல. பழைய மரச் சாமான்ல குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தா அது வேற வண்டு, ஓட்டைக்குக் கீழ புதுசா மாவு கொட்டுனாத்தான் கவலப்படணும்.

குளவி மட்டும் வெளையாடாதீங்க. ஏப்ரல் மே மாசம் ராணி தனியா கூடு ஆரம்பிக்கும், பிங்பாங் பந்து அளவுல இருக்கும்போதே பரண்ல பாத்துட்டா சுலபம், ஆகஸ்ட்ல ஆயிரக்கணக்குல இருக்கும், அப்ப ஆள்தான் கூப்புடணும். பனி விழுந்தா கூட்டமே செத்துடும், புது ராணிங்க மட்டும் எங்கயாவது ஒளிஞ்சி பொழைக்கும், பழைய கூட்டுக்குத் திரும்பி வராது, அதனால டிசம்பர்ல காலிக் கூடு பாத்துக் காசு குடுத்து ஏமாறாதீங்க. அதே பரண்ல வௌவால் இருந்தா கையே வெக்காதீங்க, 1981 சட்டத்துல எல்லா வௌவாலுக்கும் பாதுகாப்பு, தொரத்துனாலும் அது இருக்கிற எடத்த அடைச்சாலும் கேஸ்தான்.

கொசுவர்த்தி, சாம்பிராணி பத்திக் கேட்ட தம்பிக்கு: சாம்பிராணி போட்டா பூச்சி போகுதோ இல்லையோ ஸ்மோக் அலாரம் கத்தும், ஹாஸ்டல்னா ஃபயர் வண்டியே வந்துடும். போடணும்னா ஜன்னலத் தொறந்து வெச்சி, கொஞ்சமா.

கடைசியா மூட்டைப்பூச்சி. தெருவுல சும்மா வெச்சிருக்கான்னு மெத்தை, சோபா தூக்கிட்டு வராதீங்க, மர மேசை பரவால்ல, துணி தெச்சது வேணாம். பழைய கட்டில் வாங்குனா திருகாணி ஓட்டை, மெத்தைத் தையல் ஓரம் டார்ச் அடிச்சிப் பாத்துட்டு, கறுப்புப் புள்ளி இருந்தா அங்கயே விட்டுட்டு வாங்க.

யாருக்காவது சந்தேகம்னா வீட்டு போட்டோ போடுங்க, சொல்றேன். ஹால், சோபா, ஜன்னல்ல பனி விழுற போட்டோ எல்லாம் அம்மாவுக்கு அனுப்புங்க, எனக்கு சிங்க்குக்கு அடில எடுத்தது வேணும்.