மாடியில் ஒரு கணினி, கூடத்தில் ஒரு கணினி

2008இல் மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மேசைக் கணினி, மாடியறையில் தம்பியின் மடிக்கணினி. இணைப்பு ஒன்றுதான். இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மோடத்தில் கேபிள் செருகவும் ஒரே ஒரு துளை. வைஃபை ரவுட்டர் கேட்டதற்கு அப்பா, "இருப்பதை வைத்து ஒப்பேற்று" என்றுவிட்டார்.

யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிக் கூடத்துக் கணினியில் மாட்டினேன். ரவுட்டர் இல்லாமலேயே இரு கணினிகளை நேராக இணைக்கும் 'அட்ஹாக்' வசதி விண்டோஸ் எக்ஸ்பியில் உண்டு. இணையத்தைப் பகிர, அமைப்புகளில் உள்ள ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் போதும். அடித்தேன். மாடியில் சிக்னல் நிறைந்து நின்றது, இணையம் மட்டும் வரவில்லை. கூடத்தில் இருந்ததும் போய்விட்டது!

இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. பகிர்வைத் தொடங்கியதும் எக்ஸ்பி அந்த அடாப்டருக்கு 192.168.0.1 என்ற முகவரியைத் தானாகவே கொடுத்துவிடும். எங்கள் மோடத்தின் முகவரியும் அதேதான். ஒரே கதவெண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? மோடத்தின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிய மறு நிமிடம் மாடியிலிருந்து தம்பியின் கூச்சல் கேட்டது.

பிறகு வந்தது அம்மாவின் தொல்லை. கூடத்துக் கணினி ஓடினால்தான் மாடிக்கு இணையம். "ஆளில்லாமல் எதற்கு ஓடுகிறது?" என்று போகிற போக்கில் அணைத்துவிடுவார்.

—

உங்களைப் போல நானும் இணையத்தைப் பகிர்ந்தேன். விண்டோஸ் 7 முதல் அந்த முகவரி 192.168.137.1 ஆகிவிட்டதால் இந்த மோதல் எனக்கு வரவில்லை. ஆனால் இரண்டாவது கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரியே வந்துகொண்டிருந்தது. முகவரி தர யாரும் இல்லாதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் எண் அது. முதல் கணினியின் ஃபயர்வால், அதாவது வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள், குறுக்கே நின்றிருக்கிறது.

—

மதுரை நண்பர் கேபிளில் வந்ததை வைஃபையில் பகிர்ந்தார்; நான் தலைகீழாகச் செய்தேன். 2020 ஊரடங்கில் மனைவிக்கு அலுவலகம் கொடுத்தனுப்பிய கணினியில் வைஃபையே கிடையாது. ரவுட்டரோ அடுத்த அறையில். பழைய மடிக்கணினியில் வைஃபையை வாங்கி, அங்கிருந்து கேபிள் வழியாக அவருக்குக் கொடுத்தேன். முதல் நாள் ஆமை வேகம். மடிக்கணினியை இரும்பு பீரோவின் மறைவிலிருந்து ஜன்னல் பக்கம் நகர்த்தியதும் சரியாகிவிட்டது. நகர்த்தியது நான்கடிதான்!

மதுரைக் கதையைச் சொல்லித் தொடங்கியவருக்கு ஒரு கேள்வி: அந்த அட்ஹாக்கிற்குக் கடவுச்சொல் வைத்தீர்களா?

—

இணையம் வந்த மகிழ்ச்சியில் அது நினைவிலேயே இல்லை. பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணா, உங்கள் அம்மா மறுபடியும் கணினியை அணைத்துவிட்டார்களா?" என்று கேட்டபோதுதான் வைத்தேன்.