மறு: ‘பிளாக் டைம்’ – தொகுதி நேரம் வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தொகுக்கும் வான்பயணக் கலைச்சொல் பட்டியலில் ‘பிளாக் டைம்’ (block time) என்பதற்கு நேரே ‘தொகுதி நேரம்’ என்று ஏறியிருக்கிறது. அகராதியில் பிளாக் என்றால் தொகுதிதான், ஆனால் இது அந்த பிளாக் இல்லை. நிறுத்தி வைத்த விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும் ஆகிற நேரமே பிளாக் டைம். டிக்கெட்டில் அச்சாவதும் அந்தக் கணக்குத்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கும். வானில் இருப்பதோ ஒரு மணிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் முறை வரும்வரை காத்து நிற்பதிலும் கழியும்.

அப்படியானால் ‘கட்டை நேரம்’ என்றே வைத்துவிடலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “கட்டையில போற நேரமா? பிளேன் ஏறும்போது பேசற பேச்சாடா இது?” என்றார் அம்மா. விட்டுவிட்டேன். முட்டுக்கட்டையும் உதவாது. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கிடந்தவரை நல்ல சொல். இப்போது கட்சி அறிக்கைகளில் மாட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் தேரை நினைத்ததில் வேறொரு சொல் அகப்பட்டது. தேர் நிற்கும் இடத்துக்குப் பெயர் நிலை. நாலு வீதியும் சுற்றி முடிந்தால் “தேர் நிலைக்கு வந்தாச்சா?” என்றுதானே கேட்கிறோம்? விமானம் நிற்கும் இடத்தையும் நிலை என்றால் என்ன குறை? அப்போது பிளாக் டைம் ‘நிலையிடை நேரம்’ ஆகிவிடும். கிளம்புவது நிலை நீங்கல், வந்து நிற்பது நிலை சேர்தல். சக்கரம் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரை தொடும்வரை மட்டும் ‘பறப்பு நேரம்’. இயற்பியல்காரர்களுக்கு ‘நிலை’ வேறு பொருள் தரும், தெரியும். விமான நிலையத்தில் நின்றுகொண்டு யாரும் குழம்பமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்து தொலைவு. நேர்வழித் தூரத்தை ஆங்கிலத்தில் ‘காக்கை பறக்கும் தூரம்’ என்பார்கள். அதைப் பார்த்து ‘காக்கைத் தொலைவு’ சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நேராகப் பறப்பது ஆங்கிலக் காக்கை. நம்முடையது அமாவாசைச் சோற்றுக்கு வருவது. கோள வடிவியலில் ‘பெருவட்டம்’ ஏற்கெனவே இருப்பதால் ‘பெருவட்டத் தொலைவு’ போதும். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகிறதோ அதுதான்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பட்டியலில் இந்த நேர்வழித் தூரத்துக்கும் விமானம் உண்மையில் பறந்த தூரத்துக்கும் ‘பறப்புத் தொலைவு’ என்று ஒரே சொல். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ பெருவட்டத் தொலைவு சுமார் 12,400 கி.மீ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகப் போனபோது பறந்தது சுமார் 15,300 கி.மீ. பழைய வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. கூடுதல். ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டதுதான் காரணம். எனவே ‘பெருவட்டத் தொலைவு’, ‘பறந்த தொலைவு’ என்று இரண்டாகப் பிரித்துவிடுவோம்.

‘நிலையிடை’ வாயில் நுழையவில்லை என்பவர்கள் மாற்றுச் சொல் அனுப்புங்கள். ஞாயிறுவரை பட்டியலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.