முஸ்லிம் சுல்தான்களுக்கு குலச்சின்னம் இருந்துச்சா?

நாணயப்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. போன வாரம் எகிப்த ஆண்ட மம்லூக் சுல்தான்களோட வெள்ளிக்காசு ஒண்ணோட படம் பார்த்தேன், அதுல ஒரு சிங்கம் வாலத் தூக்கிட்டு நடந்து போகுது. கேடயம், சிங்கம், கழுகெல்லாம் ஐரோப்பா ராஜாக்கள் சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். இஸ்லாத்துல உருவம் போடமாட்டாங்களே, அப்ப இது வெறும் அலங்காரமா, இல்ல சுல்தானோட சொந்த சின்னமா?

மினாரா:
சொந்த சின்னமே தான் சகோ. சுல்தான் பைபர்ஸோட (1260-1277) சின்னம் அது. துருக்கி மொழியில "பார்ஸ்"னா சிறுத்தை மாதிரி பெரிய பூனை இனம், பேர்லயே இருக்கு பாருங்க. பாலஸ்தீனத்துல லித் ஊர்ப் பக்கம் 1273ல அவர் கட்டுன பாலத்துல கல்வெட்டுக்கு ரெண்டு பக்கமும் இதே மிருகம், ஒரு காலத் தூக்கி நிக்குது, காலுக்குக் கீழ குட்டியூண்டு எலி. அந்த எலி சிலுவைப்போர்க்காரங்கன்னு தான் பல பேரு சொல்றாங்க. உருவம் கூடாதுங்கிறது பள்ளிவாசல்லயும் குர்ஆன் பிரதியிலயும் கறாரா இருந்துச்சு, காசு, பாத்திரம், அரண்மனைன்னு வந்தா அவ்வளவு கறார் இல்ல.

பழைய ஏடு:
மினாரா சொன்னது சரி, ஆனா எனக்கு சுல்தான விட அமீர்களோட (சுல்தானுக்குக் கீழ இருந்த தளபதிங்க) சின்னம் தான் மனசுல நிக்குது. மம்லூக்னாலே விலைக்கு வாங்குன அடிமை, சின்னப் பையனா வந்து அரண்மனையில ஒரு வேலையில சேருவான், அப்புறம் அமீரா ஆனதும் அந்த வேலையவே சின்னமா வச்சுக்குவான், இதுக்கு "ரன்க்"னு பேரு. சுல்தானுக்கு பானம் ஊத்திக் கொடுத்த சாகிக்கு கிண்ணம், ஆயுதம் சுமந்த சிலாஹ்தாருக்கு வாள், எழுத்து வேலை பார்த்த தவாதாருக்கு பேனாப்பெட்டி, போலோ மட்டைக்குப் பொறுப்பான ஜூகந்தாருக்கு ரெண்டு மட்டை. ஐரோப்பாவுல எந்த வம்சத்துல பிறந்தேன்னு காட்டத்தான் சின்னம், இங்க நான் என்ன வேலை செஞ்சேன்னு காட்ட. அடிமையா இருந்தத மறைக்காம வீட்டு வாசல்லயும் விளக்குலயும் பெருமையா பொறிச்சிருக்காங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்!

லக்னோக்காரன்:
ஒஸ்மானியர் (துருக்கியோட ஓட்டோமான் பேரரசு) கதை வேற. நூத்துக்கணக்கான வருஷம் சுல்தான் பேர வளைச்சு எழுதுற துக்ரா தான் அவங்க முத்திரை, ஐரோப்பா பாணி சின்னம் 1882ல இரண்டாம் அப்துல் ஹமீத் காலத்துல தான் முழு வடிவத்துக்கு வந்துச்சு. நம்ம நாட்டுல அவத் நவாபுகளுக்கு ரெட்டை மீன், லக்னோவுல வாசலுக்கு வாசல் அது தான். இன்னிக்கும் உத்தரப் பிரதேச அரசு முத்திரையில அந்த ரெண்டு மீனும் இருக்கு.

நாணயப்பித்தன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பழைய ஏடு சொன்னதப் படிச்சதும் சேமிச்சு வச்சிருந்த ஒரு மம்லூக் கண்ணாடி விளக்கு படத்த எடுத்துப் பார்த்தேன், கழுத்துப் பக்கம் வட்டத்துக்குள்ள சிவப்பா ஒண்ணு இருக்கும், பூன்னு நினைச்சுட்டு இருந்தேன். கிண்ணம்ங்க அது.